அவரவர் கையால் பறித்த பழம்

சென்ற ஆண்டு பிப்ரவரி 19, புதன்கிழமை. மாசி மாதம் ஏழாம் நாள். அண்ணா வழக்கம்போல விடியுமுன் எழுந்து நீராடினார். திருமண் இட்டுக்கொண்டு, பெருமாளைச் சேவித்து, அவர் மனைவி, என் மன்னி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு மொபெட்டில் தோட்டத்துக்குக் கிளம்பினார். ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவல் வழியாகக் கிழக்கே சென்றால், திருவளர்சோலையைத் தாண்டி, கொள்ளிடக் கரையை ஒட்டி எங்கள் நிலம். பருவத்தில் புதனும் சனியும் தக்காளி பறிக்கும் நாட்கள். வெயில் ஏறுவதற்குள் பறித்து முடித்துவிட வேண்டும் என்பது அண்ணாவின் ஏற்பாடு. அவருடன் பறிப்பவர் சரோஜா ஒருவர்தான். தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து எங்களிடம் வேலை செய்பவர்.

அன்று காலை நானும் அங்கே போயிருந்தேன். பிற்பகலில் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்ததால், நூலகராக வேலை செய்யும் உறையூர்ப் பள்ளியில் விடுப்பு எடுத்திருந்தேன். கொட்டகையில் கூடைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வாழைச் சருகு. அதன் மேல், முழுதும் பழுக்காமல் சிவப்பு கண்டிருந்த செங்காய்கள், காம்பு கீழ்நோக்கி. அண்ணா எதையும் இரண்டாம் முறை தொடுவதில்லை. செடியிலிருந்து பறிக்கும் கை அப்படியே கூடையில் வைத்துவிடும். அதோடு சரி. வாங்க வருகிறவர்கள் கூடையைத்தான் எடுத்துக்கொண்டு போகலாம். பழத்தைத் தொடக்கூடாது, வரப்பைத் தாண்டிச் செடிப் பக்கம் போகவும் கூடாது. இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் ஒரு முறையாவது திட்டு வாங்கியிருப்பீர்கள்.

அன்று திட்டு வாங்கியவர் திருவானைக்காவலில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்துறை மாமா. சாக்குப் போல ஒரு பையை நீட்டிக்கொண்டே, மற்றொரு கையால் ஒரு பழத்தை மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டார்.

"மாமா, அது தக்காளி. சைக்கிள் ட்யூப் இல்லை, காத்து இருக்கான்னு அமுக்கிப் பார்க்கறதுக்கு."

"ஒரே ஒரு தடவை தொட்டேன்யா."

"அந்த ஒரு தடவை நான் தொட்டாச்சே!"

மாமா என் பக்கம் திரும்பி, "உங்க அண்ணாவுக்குப் பொண்ணு இருந்திருந்தா கல்யாணமே ஆகியிருக்காது. மாப்பிள்ளையைக் கைப் பிடிக்க விட்டிருக்க மாட்டார்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அண்ணாவும் சிரித்தார்.

வீடு திரும்பிய அண்ணா மன்னியின் தளிகையை ரசித்துச் சாப்பிட்டார். சாத்தமுது என்று நாங்கள் சொல்லும் தக்காளி ரசம், புடலங்காய்க் கறியமுது. மோர் சாதத்துக்குப் பிறகு கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். மூன்று மணிக்குக் காபி கலந்து மன்னி எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே ஆசார்யன் திருவடியை அடைந்திருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

துக்கம் துக்கம்தான். ஆனாலும் இந்தக் கட்டுரையை ஓர் ஆறுதலுடன்தான் எழுதுகிறேன். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த நாள் முதல் அண்ணா ஒன்றே ஒன்றுக்குத்தான் பயந்தார். படுக்கையில் கிடந்து, எழுப்பவும் படுக்க வைக்கவும் ஆள் வேண்டியதாகிவிடுமோ என்பதே அந்தப் பயம். என்னிடம் மட்டும் அதைச் சொல்லியிருக்கிறார். அந்த நிலை அவருக்கு வரவில்லை.

அண்ணா பிறந்தது ஸ்ரீரங்கம் உத்தர வீதியில், இன்றும் மன்னி இருக்கும் அதே வீட்டில். எங்கள் பெற்றோருக்கு அவர் மூத்தவர், நான் கடைசி. அப்பா ஆசாரம் மிகுந்தவர். வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. அவற்றோடு தக்காளியும் கிடையாது. முட்டைக்கோஸ், காரட், தக்காளி எல்லாமே அப்பாவுக்குச் 'சீமைக்காய்'. பள்ளி நாட்களில் அண்ணா ஒரு நண்பன் வீட்டில் உப்புத் தூவிய தக்காளித் துண்டுகளைச் சாப்பிட்டுவிட்டு வந்து, வாசலிலேயே வாய் கொப்பளிக்க வைக்கப்பட்டார். "மூணு வேளை தின்னா மேனி சிவக்கும்னு சொன்னான். முகம்தான் சிவந்தது, அப்பா அறைஞ்சதுல" என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

படிப்பு முடிந்ததும் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. தினமும் இரண்டு பஸ். காலை போனால் இருட்டும் நேரத்தில் வருவார். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி தங்கைகளான நாங்கள் படித்தோம், எனக்குத் திருமணம் நடந்தது, அம்மாவுக்குக் கண் அறுவை நடந்தது. இவற்றில் ஒன்றைப் பற்றியும் அவர் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்டோர்ஸ் வேலையில் பழகிய ஒழுங்கு அவரை விட்டுப் போகவே இல்லை. வீட்டில் கத்தரிக்கோல் எங்கே என்று யாரும் தேடியது கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். டைரி எழுதும் பழக்கம் எனக்கு வந்தது அவரைப் பார்த்துத்தான்.

அப்பாவின் பங்காக வந்த கொள்ளிடக்கரை நிலம் நெடுநாள் வாழைக்குக் குத்தகையில் இருந்தது. அண்ணா விருப்ப ஓய்வு பெற்றதும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காய்கறி போடப் போகிறேன், உரமும் மருந்தும் கடையில் வாங்காமல் போடப் போகிறேன் என்றார். அப்பா அப்போது இருந்தார். வெண்டை, கத்தரி என்றதும் தலையாட்டியவர், தக்காளி என்றதும் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். "நம்மாத்து சமையலறைக்குள்ள வராத மாப்பிள்ளைக்கு நம்ம நிலத்துல வீடு கட்டிக் குடுக்கறே" என்று மட்டும் சொன்னார்.

கடைசி மாதங்களில் அப்பாவுக்கு வாய்க் கசப்பு, எதுவும் இறங்கவில்லை. ஒரு நாள் அண்ணா தக்காளி போட்ட சாத்தமுதை டம்ளரில் கொடுத்தார். அப்பா முழுவதும் குடித்துவிட்டு, "இது என்ன புளிடா? நன்னாருக்கே" என்றார்.

"நம்ம நிலத்துப் புளிப்புப்பா."

அப்பா அவரைச் சற்று நேரம் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார். அந்த வீட்டில் தக்காளி நுழைந்தது அன்றுதான். சிராத்தத் தளிகையில் மட்டும் இன்றும் நுழையவில்லை. இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் முதலாண்டு ஆப்தீக நாளிலும் இலையில் தக்காளி இருக்காது. அண்ணாவுக்கு அதில் குறை இருந்ததில்லை. "அன்னிக்கு ஒரு நாள் அதுவும் லீவு எடுத்துக்கட்டுமே" என்பார்.

தோட்டம் உடனே கைகொடுத்துவிடவில்லை. முதல் ஆண்டு வெள்ளை ஈ பரப்பிய நோயில் இலை சுருண்டு, செடிகள் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டன. அடுத்த ஆண்டு கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகி நாற்றங்காலே போயிற்று. அதற்கடுத்து காய்ப்புழு. பறித்த பழங்களில் பாதிக்கு மேல் துளை. பூச்சிமருந்துக் கடைக்காரர் வீடு தேடி வந்தே மருந்து அடிக்கச் சொன்னார். அண்ணா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்தார். வரப்பைச் சுற்றிச் செண்டுமல்லி நட்டார். பூச்சி ஒட்டிக்கொள்ள மஞ்சள் அட்டைகளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொரு செடிக்கும் மூங்கில் குச்சி ஊன்றிச் சணலால் எட்டுப் போல முடிச்சிட்டார், தண்டு இறுகாமல் இருக்க.

ஸ்டென்ட் வைத்த பிறகு, பெங்களூரில் வேலை செய்யும் அவர் மகன் வரதன், நிலத்தை மறுபடி வாழைக்கு விட்டுவிடும்படி வற்புறுத்தினான். தகப்பனைப் பற்றிய கவலை அது, தவறு சொல்ல முடியாது. பக்கத்து நிலத்து வாழைக்காரரும் தயாராக இருந்தார். வீட்டில் பேச்சு முற்றிய ஒரு மாலை அண்ணா சொன்னார்: "இந்த ஒரு தக்காளிப் பருவம் மட்டும் குடுடா. பூ முதல் கடைசிப் பறிப்பு வரைக்கும் ஒழுங்கா வந்துதுன்னா தோட்டம். நடுவுல படுத்துதுன்னா வாழை. நானே எழுதிக் குடுத்துடறேன்." வரதன் ஒப்புக்கொண்டான். மன்னியும் இரண்டு பேருக்கும் சாட்சியாகத் தலையாட்டினார்.

அந்தப் பருவம்தான் சென்ற ஆண்டு. தை பிறந்ததிலிருந்தே செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்தன. கூடை வாங்கும் குடும்பங்கள் பெருகின. ஸ்ரீரங்கத்தின் வீதிகள், திருவானைக்காவல், உறையூர், மன்னார்புரம் என்று ஆட்கள் வந்தார்கள். மாசி பிறந்தபோது பறிப்பு உச்சத்தில் இருந்தது. அந்த உச்சத்தின் நடுவில்தான் அண்ணா கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை வரதன் கொள்ளிடக் கரையில் காரியங்களைச் செய்தான். வீட்டில் பத்து நாள் தீட்டு தொடங்கியது. மன்னி வீட்டை விட்டு வெளியே வர முடியாது. வரதனுக்கு நாள்தோறும் கர்மாக்கள் இருந்தன. வேறு கோத்திரத்துக்குப் போய்விட்ட தங்கை என்பதால் எனக்கு மட்டும் தீட்டு குறைவு.

வெள்ளிக்கிழமை காலை சரோஜா எனக்குப் போன் செய்தார்.

"அம்மா, துக்க வீட்டுல இதைக் கேக்கக் கூடாதுதான். பழமெல்லாம் நல்லா பழுத்து நிக்குது. நாளைக்குச் சனிக்கிழமை. நான் பறிச்சு வெச்சா வாங்க வருவாங்களா?"

வழக்கமாகக் கூடை வாங்குகிறவர்கள் சிலரை நான் போனில் அழைத்துக் கேட்டேன். முதலில் பேசியவர் உத்தர வீதி மாமி, அண்ணாவின் மிகப் பழைய வாடிக்கையாளர். அழுதார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நினைச்சுக்காதேடி பத்மா. தீட்டு ஆத்துலேர்ந்து எப்படி வாங்கறது? எங்காத்துல நித்யம் பெருமாளுக்குத் தளிகை பண்ணணுமோல்லியோ." வேறு சிலர் அதையே சுற்றி வளைத்துச் சொன்னார்கள். மாமி நேராகச் சொன்னது எனக்கு நல்லதாகவே பட்டது. மார்க்கெட்டுக்கு அனுப்பலாம் என்றால், அந்த வாரம் ஊரெங்கும் தக்காளி வெள்ளம். வண்டி வைத்து இறக்கினாலும் சீந்துவார் இல்லை.

பறிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது அண்ணா பலமுறை சொல்லி எங்களுக்குத் தெரியும். கனிந்த பழம் செடியிலேயே வெடிக்கும். ஈ மொய்க்கும். அழுகல் அடுத்த செடிக்குத் தாவும். பழத்தைச் சுமந்து நிற்கும் செடி புதிதாகப் பூக்காது. பத்து நாள் கழித்துப் பறிக்கப் போனால் பறிக்க ஒன்றும் இருக்காது. நடுவில் படுத்தால் வாழை என்று வாக்குக் கொடுத்தவர் இப்போது இல்லை. அந்த வாக்கு இருந்தது. மன்னியிடம் போய்ச் சொன்னேன். தரையைப் பார்த்தபடியே, "அவர் போன கையோட அதுவும் போகணும்னு இருந்தா போகட்டும்" என்றார். அதைச் சொன்ன விதம், போகட்டும் என்பதாக இல்லை.

அன்று பிற்பகல் காரியங்களை நடத்திவைக்கும் வாத்தியார் வந்திருந்தபோது, கர்மா முடிந்ததும் அவரிடம் கேட்டேன். இந்தத் தீட்டு செடியில் இருக்கும் காய்க்கும் உண்டா என்றேன்.

அவர் சிரித்தார். "காய், பழம், பூ, உப்பு, விறகு, இதுக்கெல்லாம் தீட்டு கிடையாதும்மா. ஆனா ஒண்ணு. ஆத்துக்காரா எடுத்துக் குடுக்கப்படாது. வரவா அவா அவா கையால எடுத்துண்டு போகணும்."

எதையும் இரண்டு முறை கேட்டுக்கொள்வது என் வழக்கம். "செடியிலேர்ந்து அவாளே பறிச்சுண்டு போனா?"

"பேஷா. அதை விட சுத்தம் ஏது?"

உள் அறையிலிருந்து மன்னி கேட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் போனதும் சொன்னார்: "பத்மா, அவர் என்னையே செடியைத் தொட விட்டதில்லை. இப்போ ஊரே வந்து தொடறதா?"

சாஸ்திரம் வழி விட்டுவிட்டது. அண்ணாவின் கட்டுப்பாடுதான் குறுக்கே நின்றது. வரதன் அங்கே உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அவன் சொல்லாமல் இருந்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

மன்னியே மீண்டும் பேசினார். "தெரியாம தொட்டாத்தானே பழம் கெடும். தெரிஞ்சுண்டு தொடட்டும். எனக்குப் பார்த்துப் பார்த்துத் தெரியும். நான் சொல்றேன். நீ போனைப் பிடிச்சுண்டு தோட்டத்துல நில்லு."

"போன்ல பேசினா தீட்டு ஒட்டாதா அம்மா?" என்றான் வரதன். மூன்று நாளில் அவன் முதன்முதலாகச் சற்றே சிரித்தது அப்போதுதான்.

"வாத்தியாரைக் கேளு" என்றார் மன்னி. கேட்டோம். குரலுக்குத் தீட்டு இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் நானும் சரோஜாவும் கொட்டகையில் நின்றோம். முதலில் தபால்துறை மாமா வந்தார், அதே சாக்குப் பையுடன். பிறகு மன்னார்புரத்திலிருந்து கிறிஸ்தவ ஆசிரியை ஒருவர் தம் கணவருடன். "எங்களுக்குத் தீட்டெல்லாம் கிடையாதும்மா, நீங்க எடுத்துக் குடுத்தாலும் வாங்கிக்குவோம். ஆனா எல்லாரும் பறிக்கறப்ப நாங்க மட்டும் சும்மா நிக்கறதா?" என்றார். அதன்பின் ஆட்டோக்களில், ஸ்கூட்டர்களில், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக உத்தர வீதி மாமி, மடிப் புடவையும் தம் சொந்தக் கூடையுமாக இறங்கினார். கூடைக்கு அடியில் போடச் சருகைக்கூட யார் கையிலிருந்தும் வாங்காமல், குனிந்து தாமே எடுத்துக்கொண்டார்.

வரப்பில் இருந்த மூங்கிலில் போனைச் சணலால் கட்டி, படத்தோடு மன்னியை அழைத்தேன். ஸ்பீக்கரில் மன்னியின் குரல் தோட்டத்துக்கு வந்தது.

"எல்லாரும் கேளுங்கோ. பழத்தைப் பிடிச்சு இழுக்கப்படாது. காம்புல நடுவுல ஒரு கணு இருக்கும், நம்ம விரல் முட்டி மாதிரி. அங்கே கட்டை விரலை வெச்சு மேலே மடக்கணும். தானா ஒடியும். ஒடியலேன்னா அது இன்னும் வரத் தயாரில்லைன்னு அர்த்தம். விட்டுடுங்கோ."

பிறகு வரிசை வரிசையாக, டப், டப் என்று காம்பு ஒடியும் சத்தம்.

ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருவர் கொத்தோடு பிய்த்துவிட்டார். இன்னொருவர் பச்சைக் காய்களாகப் பறித்து, ஊறுகாய்க்கு ஆகும் என்றார். இரண்டு குச்சிகள் சாய்ந்தன. எல்லாவற்றையும் மன்னி போனிலேயே பார்த்தார்.

"யாரது நீலச் சட்டை? மாமாவா? மாமா, அமுக்கறேளா?"

"இல்லைம்மா, தூசி தட்டறேன்."

"தூசி தட்ட ரெண்டு விரல் எதுக்கு?"

வரிசைகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். துக்க வீட்டுத் தோட்டம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "சிரிங்கோ, பரவாயில்லை. சிரிச்சுண்டே பறிச்சா கை மெத்துனு இருக்கும்" என்றார் மன்னி. அதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. தோட்டத்தில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது.

உத்தர வீதி மாமிக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. எட்டிய உயரத்தில் பழம் இல்லை. சரோஜா கீழ்க்கிளையைக் கையால் தூக்கிப் பிடிக்கப் போனார். மாமி பின்வாங்கினார்.

"இரும்மா, இரு. நீ தூக்கிக் குடுத்தா, ஆத்துக்காரா குடுத்த மாதிரி ஆயிடுமோ?"

சரோஜா கிளையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

"மாமி, காத்துல கிளை எழும்பித்துன்னு நினைச்சுக்கோங்கோ" என்றார் மன்னி.

"காத்து எங்கம்மா இன்னிக்கு? ஒரு இலை அசையலை" என்றார் சரோஜா சிரிக்காமல்.

மாமிக்கு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கணுவில் கட்டை விரலை வைத்து மடக்கினார். பழம் கையோடு வந்தது. அதைக் கூடையில் வைத்துவிட்டு, வரப்பிலிருந்த போனை நோக்கி, "வந்துடுத்துடி" என்றார். மறுமுனையில் மன்னி கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

வெயில் ஏறுவதற்குள் அன்றைய பறிப்பு முடிந்தது. சிலர் இரண்டு கூடை பறித்து, அக்கம்பக்கத்துக்கும் எடுத்துப் போனார்கள். அடுத்த புதனும் அதற்கடுத்த சனியும் இதேபோல வந்தார்கள். புதியவர்களுக்குப் பழையவர்களே கணுவைக் காட்டிக் கொடுத்தார்கள். கடைசி நாளில் மன்னிக்குச் சொல்ல அதிகம் வேலை இருக்கவில்லை. மாமாவைக் கண்காணிப்பதோடு நிறுத்திக்கொண்டார். செடிகளில் அழுகல் விழவில்லை. பாரம் இறங்கிய கிளைகளின் நுனியில் மறுபடி மஞ்சள் பூ வந்தது. அதைச் சரோஜாதான் முதலில் பார்த்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று பஸ்ஸில் பள்ளிக்குப் போகும்போது, அண்ணா போன நாளுக்குப் பிறகு முதன்முறையாக நன்றாக மூச்சு விட்டேன் என்று என் டைரியில் இருக்கிறது.

வரதன் பத்தாம் நாள் காரியம் முடிந்தபின் ஒரு முறை தோட்டத்துக்குப் போய் வந்தான். என்ன பார்த்தான், என்ன நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. மன்னி கேட்க வேண்டாம் என்று எனக்குக் கண்ணால் சொல்லியிருந்தார். நிலம் இனி அவன் பொறுப்பு. வாக்கும் அவனுக்குக் கொடுத்தது. அவனாகத்தான் சொல்ல வேண்டும்.

பதின்மூன்றாம் நாள், துக்கத்தை முடித்து வைக்கும் சுபம். உறவினர்களும் நண்பர்களும் வீடு நிறைய வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் வாழைக்காரர் வந்து துக்கம் விசாரித்தார். நல்ல மனிதர், வெள்ளம் வந்த ஆண்டில் அண்ணாவுக்குத் தம் மோட்டாரைக் கொடுத்து உதவியவர். புறப்படும்போது வாசலில் வரதனிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, இந்த நேரத்துல கேக்கறேன்னு நினைக்காதீங்க. பங்குனிக்குள்ள கன்னு வெக்கணும். நாளைக்கே டிராக்டர் அனுப்பவா, ஓட்டிடலாமா?"

"காலைல சொல்றேங்க" என்றான் வரதன்.

மன்னி உள்ளே பாத்திரங்களை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

இந்த இடத்தில் நான் நன்றி சொல்லிவிட வேண்டும், பிறகு விட்டுப் போய்விடும். அண்ணா போன பிற்பகலில் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்து அவர் நாடியைப் பார்த்துச் சொன்ன பக்கத்து வீட்டு டாக்டருக்கு. பதின்மூன்று நாளும் நேரம் தவறாமல் வந்து, நான் இரண்டிரண்டு முறை கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன வாத்தியாருக்கு. பெங்களூரிலிருந்து வரதன் வந்து சேரும் வரை உடன் காத்திருந்த உத்தர வீதிக்காரர்களுக்கு. ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருந்திராத, அண்ணா இருந்தபோதும் இல்லாதபோதும் ஒரே மாதிரி செடியைப் பார்த்துக்கொண்ட சரோஜாவுக்கு. அந்த வெள்ளம் வந்த ஆண்டுக்காக வாழைக்காரருக்கு. தம் கையால் வந்து பறித்த ஒவ்வொருவருக்கும். உங்களில் யார் பெயராவது விடுபட்டிருந்தால் அது என் பிழை, மன்னி உங்களை மறக்கவில்லை.

மறுநாள், மார்ச் 4, செவ்வாய்க்கிழமை காலை. மன்னி முதல் டிகாஷன் இறக்கிக் காபி கலந்து வைத்திருந்தார். வரதன் குளித்து வந்து, டம்ளரைத் தொடாமல், முதல் வேலையாக வாழைக்காரரைப் போனில் அழைத்தான்.

"டிராக்டர் அனுப்ப வேண்டாங்க" என்றான். "செடியில இன்னும் பூ இருக்கு."